பிள்ளைகளும் செயற்கை நுண்ணறிவும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

கேட்ட கேள்விக்கு எழுத்தில் பதில் தரும் செயற்கை நுண்ணறிவுச் செயலியான சாட்ஜிபிடி 2022 நவம்பர் 30 அன்று வெளியானது. அதன்பின் சில மாதங்களிலேயே, பெற்றோர் சந்திப்புகளில் மதிப்பெண்ணைப் பற்றி எழும் கேள்விகளுக்கு நிகராக இதைப் பற்றிய கேள்விகளும் வரத் தொடங்கின. ஆசிரியையாகவும் இரண்டு பிள்ளைகளின் தாயாகவும் நான் திரும்பத் திரும்பக் கேட்டவற்றையும், அவற்றுக்கு நான் சொல்லிவரும் பதில்களையும் இங்கே எழுதுகிறேன். பிள்ளையின் மூளைக்குள் நடக்க வேண்டிய வேலை இயந்திரத்துக்குப் போய்விடக் கூடாது, மனத்துயரைச் சொல்வதற்குப் பிள்ளைக்கு வீட்டில் ஓர் ஆள் இருக்க வேண்டும் என்ற இரண்டு கவலைகளே இந்தப் பதில்களுக்கெல்லாம் அடிப்படை.

இந்தச் செயலிகள் எப்படி வேலை செய்கின்றன என்பதைச் சிறு பிள்ளைக்கு எப்படி விளக்குவது?

ஒரு விளையாட்டிலிருந்து தொடங்குங்கள். "வானத்தில் நிலா..." என்று சொல்லி நிறுத்துங்கள். பிள்ளை "தெரிந்தது" என்றோ "வந்தது" என்றோ முடிக்கும்; "கொதித்தது" என்று முடிக்காது. உடனே கேளுங்கள்: "நீ ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தாயா? பார்க்காமலேயே எப்படிச் சொன்னாய்?" இதுவரை கேட்ட பேச்சிலிருந்தும் படித்த கதைகளிலிருந்தும் எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரும் என்பது அதற்குப் பழகியிருக்கிறது. சாட்ஜிபிடி, ஜெமினி, கோபைலட் போன்ற செயலிகளின் உள்ளே இருக்கும் மொழி மாதிரிகளும் அப்படியே பழக்கப்பட்டவை. பெருந்திரளான எழுத்துகளைப் படிக்கக் கொடுத்து, அடுத்து எந்தத் துண்டு வரக்கூடும் என்று கணிக்கப் பயிற்றுவிக்கிறார்கள். பிறகு, மனிதர்கள் ஏற்கும் விதத்தில் பதில் சொல்லும்படி மேலும் பழக்குகிறார்கள்.

நிலா உண்மையில் வந்திருக்கிறதா என்று எட்டிப் பார்க்கும் பழக்கம் இந்தக் கணிப்புக்குள் இல்லை என்பதைப் பிள்ளை புரிந்துகொண்டால் போதும், பாதி வேலை முடிந்தது. சில செயலிகள் இப்போது இணையத்தில் தேடிப் பார்த்தும் பதில் தருகின்றன. அப்போதும் தேடிக் கிடைத்த பக்கம் தவறாக இருக்கலாம், அல்லது சரியான பக்கத்தை அது தவறாகச் சுருக்கிச் சொல்லலாம். பேசும்போது "அவன் சொன்னான்", "அவள் சொன்னாள்" என்று சொல்லாமல் "அது சொன்னது" என்றே நீங்களும் சொல்லுங்கள். சிறு பிள்ளைகள் இந்த வேறுபாட்டை நம் வாயிலிருந்துதான் கற்கிறார்கள்.

எந்த வயதில் அனுமதிக்கலாம்?

பெரும்பாலான சேவைகள் 13 வயதை எல்லையாக வைத்திருக்கின்றன. சாட்ஜிபிடியின் விதிமுறைப்படி 13 முதல் 18 வயதுக்குள் இருப்பவர்கள் பெற்றோரின் அனுமதியுடனேயே பயன்படுத்த வேண்டும். இந்த 13 என்ற எண் பெரும்பாலும் சட்டத்திலிருந்து வந்தது. 13 வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளின் விவரங்களை இணையத்தில் சேகரிக்கப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று அமெரிக்காவில் 1998-இல் ஒரு சட்டம் இயற்றப்பட்டது. அந்நாட்டு நிறுவனங்கள் அந்த வயதையே தங்கள் எல்லையாக வைத்துக்கொண்டன. ஐரோப்பிய ஒன்றியத்தின் தரவுப் பாதுகாப்பு விதி 16 வயதை எல்லையாக வைத்து, அதை 13 வரை குறைத்துக்கொள்ள உறுப்பு நாடுகளுக்கு இடம் தருகிறது. யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டுதலும், வகுப்பறையில் பிள்ளைகள் இவற்றைத் தாமாகப் பயன்படுத்துவதற்கு 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும் என்கிறது.

உங்கள் பிள்ளை எப்போது தயார் என்பதை இந்த எண் மட்டும் சொல்லிவிடாது. என் கருத்து இது: சரளமாகப் படிக்கவும், படித்ததைத் தன் சொற்களில் திருப்பிச் சொல்லவும் வராத வயதில் இந்தச் செயலிகளால் பெரிய பயன் ஏதுமில்லை. அதற்குப் பிறகு 12 வயது வரை, உங்கள் கணக்கில், உங்கள் பக்கத்தில் அமர்ந்து, நீங்கள் தட்டச்சு செய்யப் பிள்ளை கேள்வி சொல்வது நல்ல ஏற்பாடு. 13-க்குப் பின் படிப்படியாக விடலாம். ஆனால் கதவைச் சாத்திக்கொண்ட அறையில் வேண்டாம்.

முழுவதுமாகத் தடை செய்துவிட்டால் என்ன?

சிறு வயதில் தடை செய்யலாம், தவறில்லை. பதின்ம வயதில் அது நடைமுறையில் நிற்பதில்லை. தேடுபொறியிலும், குறுஞ்செய்திச் செயலியிலும், எழுது மென்பொருளிலும் இது ஏற்கனவே உள்ளே வந்துவிட்டது. வீட்டில் தடுத்தால் நண்பனின் கைப்பேசியில் திறப்பார்கள். தடையை மீறிப் பயன்படுத்திய பிள்ளைக்கு அங்கே ஏதாவது தவறு நடந்தால், அதை நம்மிடம் வந்து சொல்ல முடியாமல் போய்விடும். இதைத்தான் நான் பெரிய இழப்பாகக் கருதுகிறேன்.

வீட்டுப்பாடத்துக்குப் பயன்படுத்துவது காப்பியடிப்பதா?

எதற்காக அந்த வீட்டுப்பாடம் கொடுக்கப்பட்டதோ அந்த வேலையை யார் செய்தார்கள் என்று பாருங்கள். பெருக்கல் பழகுவதற்காகக் கொடுத்த கணக்கை இயந்திரம் போட்டால் அந்தப் பழக்கம் பிள்ளைக்கு வரவில்லை. அதே பிள்ளை, தான் போட்ட கணக்கில் எந்த வரியில் தவறு நேர்ந்தது என்று கேட்டால், வேலை இன்னும் அதன் கையில்தான் இருக்கிறது.

இதை அளந்து பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் துருக்கியில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப்பள்ளி மாணவர்களைக் கணக்குப் பாடத்தில் மூன்று பிரிவுகளாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்குச் செயற்கை நுண்ணறிவே இல்லை. இன்னொரு பிரிவுக்கு வழக்கமான உரையாடல் வடிவம் கொடுக்கப்பட்டது. மூன்றாம் பிரிவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்பு மட்டும் தரும்படி கட்டுப்படுத்தப்பட்ட வடிவம் கொடுக்கப்பட்டது. பயிற்சியின்போது, ஏதும் பெறாதவர்களைவிட இரண்டாம் பிரிவினர் 48 விழுக்காடும் மூன்றாம் பிரிவினர் 127 விழுக்காடும் கூடுதலாகப் பெற்றார்கள். பிறகு செயலியை எடுத்துவிட்டுத் தேர்வு வைத்தபோது, வழக்கமான வடிவத்தைப் பயன்படுத்தியவர்கள், எதையுமே பயன்படுத்தாதவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றார்கள். குறிப்பு மட்டும் தரும் வடிவத்தில் படித்தவர்களுக்கு அந்தச் சரிவு பெரும்பாலும் நேரவில்லை. பயிற்சியில் கிடைத்த வெற்றியைப் பார்த்துத் தாங்கள் கற்றுவிட்டதாக நினைக்கும் பிள்ளைகளை நான் வகுப்பில் நாள்தோறும் பார்ப்பதால், இந்த முடிவு எனக்கு வியப்பளிக்கவில்லை. ஆனால் வருத்தம் அளித்தது.

ஆகவே கேட்கும் விதத்தைக் கற்றுக்கொடுங்கள். என் மகன் கொண்டுவந்த ஒரு கணக்கைச் சொல்கிறேன். ஒரு தொட்டியை முதல் குழாய் 6 மணி நேரத்திலும் இரண்டாம் குழாய் 3 மணி நேரத்திலும் நிரப்பும். இரண்டையும் சேர்த்துத் திறந்தால் எவ்வளவு நேரம் ஆகும்? அவன் கூட்டி, 9 என்று எழுதியிருந்தான். கணக்கை அப்படியே செயலியில் போட்டிருந்தால் 2 மணி நேரம் என்ற விடை மூன்று வரி விளக்கத்துடன் வந்திருக்கும். அவன் அதை எழுதி முடித்துவிட்டு விளையாடப் போயிருப்பான். அதற்குப் பதிலாக இப்படித் தட்டச்சு செய்யச் சொன்னேன்: "எனக்கு 9 வந்தது. விடையைச் சொல்லாதே. நான் எங்கே தவறினேன் என்று கண்டுபிடிக்க உதவும் ஒரே ஒரு கேள்வியைக் கேள்." அது கேட்டது: "இரண்டாம் குழாய் தனியாகவே 3 மணி நேரத்தில் நிரப்பும்போது, இன்னொரு குழாயும் சேர்ந்தால் நேரம் கூடுமா, குறையுமா?" அவன் சிறிது நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு தாளைத் தன் பக்கம் இழுத்து, ஒரு மணி நேரத்தில் ஒவ்வொரு குழாயும் தொட்டியில் எந்தப் பங்கை நிரப்பும் என்று எழுதத் தொடங்கினான்.

வீட்டில் ஒரு வழக்கத்தை வைத்துக்கொள்ளலாம்: முதலில் தாளில் தானே முயன்றிருக்க வேண்டும், அதன் பின்னரே செயலியைத் திறக்கலாம். முடித்த பிறகு செயலியை மூடிவிட்டு, அந்தக் கணக்கை உங்களுக்குச் சொல்லித்தரும்படி கேளுங்கள். இடையில் தடுமாறினால் எந்த இடத்தில் இன்னும் புரியவில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

கட்டுரை எழுதுவதற்கு?

இங்கே நான் கண்டிப்பாகவே இருக்கிறேன். சொல்ல வேண்டியது என்ன என்று பிள்ளை யோசிக்கும் நேரம்தான் கட்டுரைப் பயிற்சி. முதல் வரைவு பிள்ளையுடையதாக இருக்கட்டும், அது எவ்வளவு கரடுமுரடாக இருந்தாலும். அதன்பின் எழுத்துப்பிழை பார்க்கவும், "எந்தப் பத்தி புரியவில்லை?" என்று கேட்கவும் செயலியைப் பயன்படுத்தலாம். "இதை அழகாக மாற்றி எழுது" என்று கேட்டால், பிள்ளையின் நடை போய்விடும்; திரும்பி வரும் வழவழப்பான பத்தியில் அது எழுதிய ஒரு வரியும் மிஞ்சாது. ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி மழையைப் பற்றி "ஓட்டின் மேல் யாரோ அரிசி கொட்டுகிறார்கள்" என்று எழுதியிருந்தாள். செயலி அதைத் திருத்தி, "மழைத்துளிகள் இனிமையான ஓசையை எழுப்புகின்றன" என்று கொடுத்தது. இரண்டில் எது நல்ல எழுத்து என்று அந்தச் சிறுமிக்கு எடுத்துச் சொல்ல ஒரு பெரியவர் பக்கத்தில் இருக்க வேண்டியிருக்கிறது.

செயலியின் உதவி எங்கே பெறப்பட்டது என்பதைக் கட்டுரையின் கீழே ஒரு வரியில் எழுதப் பழக்குங்கள். பள்ளியின் விதி எதுவோ, அதுவே இறுதியானது. ஒரே பள்ளியில்கூட ஆசிரியருக்கு ஆசிரியர் விதி மாறுவதால், கேட்டுத் தெரிந்துகொள்ளச் சொல்லுங்கள்.

"இது இயந்திரம் எழுதியது" என்று ஆசிரியர் சொல்கிறார். பிள்ளை இல்லை என்கிறது. என்ன செய்வது?

பிள்ளையின் பேச்சை முதலில் கேளுங்கள். எழுத்தைப் பார்த்து இயந்திரத்தைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் கருவிகள் நம்பத்தக்கவையாக இல்லை. சாட்ஜிபிடியை உருவாக்கிய ஓப்பன்ஏஐ நிறுவனமே 2023 ஜனவரியில் அப்படியொரு கருவியை வெளியிட்டது. அந்நிறுவனத்தின் சொந்தச் சோதனையில் அது இயந்திர எழுத்தில் 26 விழுக்காட்டை மட்டுமே பிடித்தது. மனிதர் எழுதியதில் 9 விழுக்காட்டை இயந்திர எழுத்து என்று தவறாகச் சொன்னது. துல்லியம் போதவில்லை என்று அதே ஆண்டு ஜூலையில் அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் எழுதிய தேர்வுக் கட்டுரைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றை இத்தகைய கருவிகள் இயந்திர எழுத்தாக முத்திரை குத்தின என்று ஸ்டான்போர்டு ஆய்வாளர்கள் 2023-இல் காட்டினார்கள். எளிய சொற்களில் நேராக எழுதும் பிள்ளைதான் இதில் அகப்படுகிறது.

ஆசிரியரிடம் மரியாதையாக இதை எடுத்துச் சொல்லி, கட்டுரையின் வரைவுகளைக் காட்டுங்கள். பிள்ளையிடம் அதே தலைப்பில் வாய்மொழியாகக் கேள்வி கேட்கும்படி நீங்களே கேட்டுக்கொள்ளுங்கள். கையெழுத்து வரைவுகளையும் கோப்பின் பழைய வடிவங்களையும் பாதுகாத்து வைக்கும் பழக்கம் இப்போதெல்லாம் அவசியமாகிவிட்டது. பிள்ளை உண்மையிலேயே செயலியைக் கொண்டு எழுதியிருந்தால், எந்த நெருக்கடியில் அப்படிச் செய்தது என்று கேளுங்கள். பெரும்பாலும் கடைசி நேரம், பயம் இரண்டில் ஒன்றுதான் காரணமாக இருக்கும்.

அது சொல்வது உண்மையா என்று பிள்ளை எப்படிச் சரிபார்க்கும்?

இந்த மாதிரிகள் இல்லாததை இருப்பதுபோல உறுதியான குரலில் சொல்லும். 2023-இல் நியூயார்க்கில் இரு வழக்கறிஞர்கள், சாட்ஜிபிடி இட்டுக்கட்டிக் கொடுத்த வழக்குகளை உண்மையான முன்தீர்ப்புகள் என்று நம்பி நீதிமன்றத்தில் தாக்கல் செய்தார்கள். 5,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. படித்த பெரியவர்களே நம்பிவிடுகிறார்கள் என்றால் பிள்ளைகளைக் குறைசொல்ல முடியாது.

தமிழில் கேட்கும்போது கூடுதல் கவனம் வேண்டும். பயிற்சிக்குக் கிடைத்த தமிழ் எழுத்து ஆங்கிலத்தோடு ஒப்பிட மிகக் குறைவு. இலக்கணத்திலும் பழைய இலக்கியத்திலும் அதனால் தடுமாற்றம் மிகுதி. நட்பைப் பற்றி ஒரு குறளைக் கேட்டால் சில வேளைகளில் திருக்குறளில் இல்லாத இரண்டு வரிகளைக் குறள் எண்ணுடன் தந்துவிடும். இதைப் பிடிப்பது எளிது, பிள்ளைகளுக்கு மிகவும் பிடித்த வேலையும்கூட. 133 அதிகாரங்கள், அதிகாரத்துக்குப் பத்தாக 1330 குறள்கள், ஒவ்வொன்றிலும் ஏழு சீர்கள். முதலில் சீரை எண்ணச் சொல்லுங்கள். பிறகு அச்சிட்ட நூலில் அந்த எண்ணைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். "விளையாட்டு" என்ற சொல்லில் எத்தனை எழுத்து என்று பிள்ளையும் எண்ணட்டும், செயலியும் சொல்லட்டும். ஐந்து என்று பிள்ளை விரலில் எண்ணிவிடும்; செயலி எழுத்தைத் துண்டுகளாக உடைத்துப் படிப்பதால் சில சமயம் தடுமாறும். இப்படி ஓரிரு முறை தானே தவறைப் பிடித்த பிள்ளையிடம் எச்சரிக்கையைத் தனியாகப் போதிக்க வேண்டியதில்லை.

உடலுக்கோ உயிருக்கோ தொடர்பான எதையும் செயலி சொன்னதை வைத்துச் செய்யக் கூடாது என்பதை மட்டும் விதியாகவே வையுங்கள். 2021 டிசம்பரில், ஏதாவது சவால் சொல்லும்படி கேட்ட பத்து வயதுச் சிறுமியிடம், பாதி செருகிய பிளக்கின் வெளியே தெரியும் உலோக முனைகளில் நாணயத்தை வைக்கும்படி அமேசானின் குரல் உதவிச் செயலியான அலெக்சா சொன்னது. இணையத்தில் கிடைத்த ஒரு பக்கத்திலிருந்து அது அதை எடுத்திருந்தது. தாய் அருகில் இருந்ததால் தடுக்க முடிந்தது. நிறுவனமும் பிறகு அந்தக் குறையைச் சரிசெய்தது. மருந்து, மின்சாரம், வேதிப்பொருள், பட்டினி, உடல் எடைக் குறைப்பு ஆகிய எதைப் பற்றிய பதிலாக இருந்தாலும், முதலில் உங்களிடம் காட்ட வேண்டும்.

எந்த விவரங்களைச் சொல்லக் கூடாது?

முழுப்பெயர், முகவரி, பள்ளியின் பெயர், தொலைபேசி எண், கடவுச்சொல், வீட்டின் பண விவரம், உடல்நல அறிக்கைகள் ஆகிய எதையும் எழுதக் கூடாது. பிள்ளைகள் தவறவிடுவது படங்களைத்தான். கணக்குப் புத்தகத்தைப் படம் எடுக்கும்போது சட்டையில் இருக்கும் பள்ளி முத்திரையும், பின்னால் சுவரில் ஒட்டிய கால அட்டவணையும் சேர்ந்து விழுந்துவிடும். தோழியின் அந்தரங்கத்தை எழுதி "நான் என்ன செய்யட்டும்?" என்று கேட்பதும் அப்படித்தான், அது தோழியின் விவரம், அதைக் கொடுக்கும் உரிமை உங்கள் பிள்ளைக்கு இல்லை.

அமைப்புகள் பகுதிக்குப் போய், உரையாடல்களைப் பயிற்சிக்குப் பயன்படுத்த அனுமதிக்கும் பொத்தானையும், முன்பு பேசியதை நினைவில் வைத்துக்கொள்ளும் நினைவக வசதியையும் பிள்ளையின் கணக்கில் அணைத்துவிடுங்கள். பேசும் பொம்மைகளையும் மறக்க வேண்டாம். இணையத்தோடு இணைந்து பிள்ளையின் பேச்சைக் கேட்டுப் பதில் சொன்ன கேய்லா என்ற பொம்மையை, மறைவான ஒட்டுக்கேட்புக் கருவி என்று வகைப்படுத்தி 2017 பிப்ரவரியில் ஜெர்மனி தடை செய்தது. வாங்கும் முன் அதன் ஒலிவாங்கி எப்போது இயங்கும், பதிவு எங்கே போகும் என்று பாருங்கள். விவரம் கிடைக்கவில்லை என்றால் வாங்காதீர்கள்.

என் மகள் அதனோடு தோழியைப்போல மணிக்கணக்கில் பேசுகிறாள். கவலைப்பட வேண்டுமா?

கவனிக்க வேண்டும். ஆனால் அவளைக் கேலி செய்யவோ வெட்கப்படுத்தவோ வேண்டாம். மனிதர்கள் எல்லாருக்கும் இந்த ஈர்ப்பு உண்டு. 1966-இல் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசப் வைசன்பாம், எலிசா என்ற எளிய நிரலை வெளியிட்டார். எழுதியவரின் சொற்களையே கேள்வியாகத் திருப்பிப் போடுவதற்கு மேல் அது அதிகம் எதுவும் செய்யவில்லை. அதை அவர் உருவாக்குவதை மாதக்கணக்கில் பார்த்திருந்த அவருடைய செயலரே, அதனோடு சிறிது நேரம் பேசிய பிறகு, தனியாகப் பேச விரும்பி அவரை அறையை விட்டு வெளியே போகச் சொன்னார் என்று அவர் எழுதியிருக்கிறார். இன்றைய செயலிகள் அதைவிடப் பன்மடங்கு நயமாகப் பேசுகின்றன. காமன் சென்ஸ் மீடியா என்ற அமைப்பு 2025-இல் அமெரிக்காவில் 13 முதல் 17 வயது வரையிலான 1,060 பேரிடம் கேட்டபோது, 72 விழுக்காட்டினர் துணையாகப் பேசும் செயலியை ஒருமுறையாவது பயன்படுத்தியிருந்தார்கள்.

இதில் எனக்குள்ள கவலை, அது எப்போதும் ஒத்துப்போகும் என்பதுதான். தோழியிடம் சண்டை போட்டுவிட்டு வந்த பிள்ளை தன் பக்கத்தை மட்டும் சொன்னால், "நீ வருந்துவது நியாயமே" என்று அது சொல்லும். உண்மையான தோழி "நீயும்தானே அவளைத் திட்டினாய்?" என்று கேட்டிருப்பாள். நட்பில் கோபமும் சமாதானமும் பழக வேண்டிய வயதில், எதிர்ப்பே இல்லாத பேச்சு பழக்கமாகிவிடுகிறது. பதின்ம வயதினருக்கு நேர்ந்த பாதிப்புகளை முன்வைத்துப் பெற்றோர் வழக்குகள் தொடுத்த பின்னர், கற்பனைக் கதைமாந்தர்களோடு பேச வைக்கும் கேரக்டர் ஏஐ நிறுவனம், 18 வயதுக்கு உட்பட்டோர் கட்டற்று உரையாடும் வசதியை 2025 நவம்பரில் நிறுத்தியது. துணையாகவும் காதலராகவும் நடிக்கும் செயலிகளைப் பதினெட்டு வயது வரை அனுமதிக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

தூக்கம் குறைவது, நண்பர்களைத் தவிர்ப்பது, நீங்கள் அருகில் வந்ததும் திரையை மறைப்பது, செயலியை மூடச் சொன்னால் அளவுக்கு மீறிக் கோபப்படுவது ஆகியவற்றைக் கண்டால் பேச்சைத் தொடங்குங்கள். "ஏன் இதோடு பேசுகிறாய்?" என்று கேட்டால் வாயைத் திறக்க மாட்டாள். "அதனிடம் சொல்வதற்கு எளிதாக இருப்பது எது?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை காத்திருங்கள். "அது திட்டாது" என்று பல பிள்ளைகள் என்னிடம் சொல்லியிருக்கிறார்கள். அதைக் கேட்டுப் பெற்றோர் மாற்றிக்கொள்ள வேண்டியதும் உண்டு, நானும் மாற்றிக்கொண்டேன்.

தற்கொலை, தன்னைத்தானே காயப்படுத்துவது பற்றியெல்லாம் அதில் எழுதியிருப்பதைப் பார்த்துவிட்டேன். என்ன செய்வது?

அன்றே, தனியாக, நிதானமாகப் பேசுங்கள். கைப்பேசியைப் பிடுங்குவதையும் ஏன் மறைத்தாய் என்று விசாரிப்பதையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். "நீ எழுதியதைப் படித்தேன். எனக்குக் கோபமில்லை. உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றுகிறதா?" என்று நேராகவே கேட்கலாம். இப்படிக் கேட்பது அந்த எண்ணத்தைத் தூண்டிவிடாது என்று மனநல மருத்துவர்கள் தெளிவாகச் சொல்கிறார்கள். ஆம் என்று சொன்னால் பிள்ளையைத் தனியாக விடாதீர்கள். ஆபத்தான மருந்துகளையும் பொருள்களையும் அகற்றுங்கள். அவசர உதவி எண்ணையோ மருத்துவமனையையோ உடனே நாடுங்கள். நேரில் பேசும் மருத்துவரின் இடத்தில் எந்தச் செயலியையும் வைக்கக் கூடாது.

போலிப் படம், போலிக் குரல் பற்றி எப்படிச் சொல்லித்தருவது?

செயலி உருவாக்கிய படங்களில் கைவிரல்களின் எண்ணிக்கை தவறும் என்பதால், விரல்களை எண்ணிப் போலிப் படத்தைக் கண்டுபிடித்த காலம் போய்விட்டது. படத்தை உற்றுப் பார்ப்பதைவிட, இதை யார் வெளியிட்டார், வேறு நம்பகமான இடத்தில் வந்திருக்கிறதா என்று தேடக் கற்றுக்கொடுங்கள். குரலைப் பொறுத்தவரை, மூன்று நொடிப் பதிவிலிருந்து ஒருவரின் குரலைப்போலப் பேசும் மாதிரியை மைக்ரோசாப்ட் 2023 ஜனவரியிலேயே அறிவித்தது. எனவே குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். யாராவது உங்கள் குரலில் அழைத்து "உடனே கிளம்பி வா" என்றோ "பணம் அனுப்பு" என்றோ சொன்னால், பிள்ளை அந்தச் சொல்லைக் கேட்கட்டும். சொல்லத் தெரியவில்லை என்றால் அழைப்பைத் துண்டித்துவிட்டு, தனக்குத் தெரிந்த எண்ணுக்குத் திரும்ப அழைக்கட்டும்.

வகுப்புத் தோழியின் படத்தை ஆடையில்லாததாக மாற்றும் செயலிகளைச் சில மாணவர்கள் விளையாட்டென்று பயன்படுத்துகிறார்கள். மகன் வைத்திருக்கும் பெற்றோர் இதைப் பற்றி அவனிடம் வெளிப்படையாகப் பேசியே ஆக வேண்டும்: இது பல நாடுகளில் குற்றம், படத்தில் இருக்கும் பெண்ணுக்கு நேரும் காயம் பொய்யானதன்று, பகிர்ந்தவனும் குற்றத்தில் பங்காளி. உங்கள் பிள்ளையே பாதிக்கப்பட்டால், அது எந்தத் தவறும் செய்யவில்லை என்பதை முதலில் சொல்லுங்கள். இணைய முகவரி, கணக்கின் பெயர், நாள், நேரம் ஆகியவற்றைக் குறித்துக்கொண்டு, படத்தை யாருக்கும் அனுப்பாமல், பள்ளியிடமும் காவல்துறையிடமும் தெரிவியுங்கள். 18 வயதுக்கு உட்பட்டிருந்தபோது எடுத்த இத்தகைய படங்களை நீக்க உதவும் 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையை, காணாமல் போன குழந்தைகளுக்கான அமெரிக்கத் தேசிய மையம் நடத்துகிறது. படத்தை அங்கே பதிவேற்ற வேண்டியதில்லை. அதன் எண் அடையாளம் மட்டும் உங்கள் கருவியிலேயே உருவாகி அனுப்பப்படும்.

பெற்றோர் கட்டுப்பாட்டு வசதிகள் போதாதா?

போதாது, ஆனால் வைத்துக்கொள்ளுங்கள். சாட்ஜிபிடியில் 2025 செப்டம்பர் முதல் பெற்றோரின் கணக்கையும் பதின்ம வயதினரின் கணக்கையும் இணைத்து, பயன்படுத்தக் கூடாத நேரங்களைக் குறிக்கவும் நினைவகத்தையும் குரல் வசதியையும் அணைக்கவும் முடிகிறது. வெளியேறி, கணக்கே இல்லாமல் பயன்படுத்தினால் இவை எதுவும் செல்லாது. கட்டுப்பாட்டை வைக்கும்போது பிள்ளைக்குத் தெரிந்தே வையுங்கள். பிள்ளையின் உரையாடலை நீங்கள் ஒளிந்து படித்தது ஒருநாள் தெரியவந்தால் அடுத்த ரகசியம் இன்னும் ஆழமாகப் போகும்.

எனக்கே இது ஒன்றும் தெரியாது. பிள்ளைக்கு என்னைவிட அதிகம் தெரியும். நான் எப்படிச் சொல்லித்தர முடியும்?

பொத்தான்களை அழுத்தப் பிள்ளைக்குத் தெரியும்; ஒரு பதிலைப் பார்த்ததும் "இது சரியாக இருக்காதே" என்று சொல்லும் அனுபவம் உங்களிடம்தான் இருக்கிறது. நீங்கள் இருபது ஆண்டுகளாகத் தைப்பவராக இருக்கலாம், வண்டி பழுது பார்ப்பவராக இருக்கலாம், கணக்கு எழுதுபவராக இருக்கலாம். உங்கள் தொழிலில் நுணுக்கமான ஒரு கேள்வியைப் பிள்ளையைத் தட்டச்சு செய்யச் சொல்லுங்கள். பதிலைப் பிள்ளை உரக்கப் படிக்கட்டும். எது சரி, எது மேலோட்டம், எதை நம்பிச் செய்தால் துணி வீணாகும் அல்லது இயந்திரம் கெடும் என்று நீங்கள் வரி வரியாகச் சொல்லுங்கள். எனக்குத் தெரிந்த தையற்காரத் தாய் ஒருவர் இப்படி ரவிக்கைக் கை வெட்டுவதைப் பற்றிக் கேட்டார். வந்த பதிலில் தையலுக்கு விட வேண்டிய துணியைக் கணக்கில் சேர்க்கவே இல்லை. அவர் மகன் அளவு நாடாவை எடுத்து வந்து, அது சொன்ன அளவில் ஒரு பழைய காகிதத்தை வெட்டி, தன் கையில் சுற்றிப் பார்த்தான். காகிதத்தின் இரு ஓரங்களும் ஒன்று சேரவில்லை.